முழுக்கைச் சட்டை

மார்ச் 4

சுண்டு,

நீ என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன் போட்டால் எடுப்பதில்லை. போனில் பேசினால் நமக்குள் இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை மூண்டுவிடும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தை நீ எடுக்காமல் இருக்க முடியாது, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

உன் மகள், என் மருமகள், ஐந்து மாதம் என்று உன் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. தாய்மாமன் நான். எனக்குச் சொல்ல உனக்கு மனசு வரவில்லை. ஒரு குடியிருப்பில் லிஃப்டைத் திறந்து போட்டுவிட்டு மேலே மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் பட்டேன். கீழே காத்திருந்தவர்கள் என் பெயரில் அர்ச்சனை செய்துகொண்டிருந்தார்கள்.

பேக்கரி விஷயத்தில் நான் செய்தது தப்பு என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கிடையாது. அம்மாவுக்குக் கிடையாது. நான் இந்த வயதிலும் டீயில் கரண்டி நிற்கிற அளவுக்குச் சீனி போட்டுக் குடிக்கிறேன். உனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? விடிந்ததிலிருந்து கேக் கிரீமை ருசி பார்க்கிற வேலையிலிருந்துதான் வந்தது. அதை உன் முதலாளியிடம் நேரில் வந்து சொன்னேன். அண்ணன் என்று ஒருவன் பிறகு எதற்கு இருக்கிறான்?

எனக்கு அந்த உரிமை இல்லை என்று சொல்லிவிடாதே. மருமகளைப் பெற்றுப் போட்டுவிட்டு நீ துவைத்த துணி மாதிரி வெளுத்துக் கிடந்தாய். உன் வீட்டுக்காரர், பாவம், கப்பலில் எங்கேயோ நடுக்கடலில் இருந்தார். ஆஸ்பத்திரியில் உன் வகை ரத்தம் ஒரு சொட்டு இல்லை. நான்தான் கையை நீட்டினேன். ஒருவரிடம் ஒரு பாட்டில்தான் எடுப்பார்கள். மறுநாள் நர்ஸ் மாறியதும், ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி தெரியாமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போய், மற்றக் கையை நீட்டினேன். "நேத்து குடுத்தது நீங்கதானே?" என்றாள். "நேத்து நான் ஊர்லயே இல்லையேம்மா" என்றேன். கூசாமல் சொன்னேன். அந்த இரண்டாவது பாட்டில்தான் உன்னைத் திருப்பி அழைத்து வந்தது. உன் உடம்பில் ஓடுவது பாதி என் ரத்தம். அதற்கு அதட்டுகிற உரிமையும் உண்டு.

பிரசவத்துக்கு வருகிறேன். நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வருவேன். மருமகளுக்கு ரத்தம் தேவைப்பட்டால் என் கைக்கு முன்னால் வேறு எவன் கையும் நீளக்கூடாது.

பதில் எழுது. கேக்கின் மேல் முத்து முத்தாக எழுதுகிறவள், காகிதத்தில் மட்டும் கோழி கிண்டினமாதிரி எழுதுவாய். பரவாயில்லை, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

அண்ணன்


மார்ச் 15

அண்ணனுக்கு,

கடிதம் கதவுக்கு அடியில்தான் வந்தது. காலால் ஒதுக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பியபோதும் அது அங்கேயே கிடந்தது. உன்னைப் போலவே பிடிவாதம்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியாது, ஆனால் அதைப் பற்றிப் பேச வந்துவிட்டாய். நான் கிரீமை நக்குவதில்லை. பல் குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பேன். புளிப்பு ஏறியிருக்கிறதா, வெண்ணெய் சிக்கடித்துவிட்டதா என்று தெரிந்ததும் தொட்டியில் துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பேன். என்னோடு வேலை செய்பவர்கள் விழுங்குவார்கள், நான் விழுங்க மாட்டேன், கேலிகூடச் செய்வார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் நீ வந்து நின்று என்ன சொன்னாய் என்பது ஞாபகம் இருக்கிறதா? "இவ நாக்கைக் கட்ட மாட்டா. நீங்களாவது கட்டுங்க." முதலாளி நல்ல மனுஷன், பயந்த மனுஷன். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகித் தன் தலையில் விழுந்துவிடுமோ என்று அன்றைக்கே என்னைக் கேக் மேசையிலிருந்து எழுப்பிவிட்டார்.

இப்போது முன்பக்கம் நின்று ரொட்டியை உறையில் போட்டு நீட்டுகிறேன். கேக் மேசையில் புதிதாக ஒருத்தி. 'பிறந்தநாள் வாழ்த்துகள்' எழுத ஆரம்பித்தால் 'கள்' போட இடம் இல்லாமல் ஓரத்தில் நெருக்கி வைக்கிறாள். வாங்க வந்தவர்கள் கேக்கைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள். நான் ரொட்டியைப் பார்க்கிறேன்.

உன் இரண்டு பாட்டிலைப் பற்றி. முப்பது வருஷமாகக் கேட்டுவிட்டேன். நான் வீடு மாறினால் இரண்டு பாட்டில். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தால் இரண்டு பாட்டில். அவள் அப்பா செத்துக் கிடந்தபோதுகூட, யார் முன்னால் நிற்பது என்ற பேச்சில் அந்த இரண்டு பாட்டில் வந்தது. நான் அதைத் திருப்பித் தந்துவிடுகிறேன் அண்ணா. ஒரு ஊசியோடு வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. அதற்குப் பிறகாவது என் வாழ்க்கை என்னுடையதாக இருக்கட்டும்.

கிரீமை விட்டு இத்தனை மாதம் ஆகியும் சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. இப்போது எதைக் குற்றம் சொல்லப் போகிறாய்? ரொட்டி உறையையா? எந்நேரமும் அசதியாக இருக்கிறது. புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மா என் உடம்புவாகைப் பார்த்து, நம் வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லை என்பதையும் கேட்டுவிட்டு, இது ஏதோ இடிக்கிறது என்று சொல்லி ஈரலுக்குச் சோதனை எழுதியிருக்கிறார்.

பிரசவத்துக்கு வர வேண்டாம்.

தங்கை


ஏப்ரல் 2

சுண்டு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். உன் அண்ணி வீட்டில் சத்தம் இல்லாமல் பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

திருப்பித் தருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அந்த வார்த்தையை எழுத எப்படிக் கை வந்தது என்று தெரியவில்லை. நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. வீடு கட்டவில்லை. பிள்ளை பெறவில்லை. நாள் முழுக்க மற்றவர்கள் ஏறி இறங்குவதற்குக் கம்பிக் கயிற்றைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது "நீ என்னப்பா சாதிச்சே?" என்று கேட்டால் எனக்குச் சொல்ல இருப்பது அது ஒன்றுதான். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்லித் தொலைக்கிறேன். அதுகூட உனக்குப் புரியாதா?

சரி, விடு. நான் தயாராகிக்கொண்டிருக்கிறேன். கீரையும் பேரீச்சம்பழமும் தின்கிறேன். அறுபது தாண்டினால் ரத்தம் எடுக்க மாட்டார்களாம். வயதைக் குறைத்துச் சொல்லிக்கொள்ளலாம், முடிக்குச் சாயம் அடித்தாகிவிட்டது. உன் அண்ணியிடம் சொல்லிப் புதுசாக ஒரு முழுக்கைச் சட்டையும் வாங்கியிருக்கிறேன், வெள்ளையில் நீலக்கோடு. தேவைப்பட்டால் பழைய வித்தையை இன்னொரு தடவை காட்ட வேண்டும் அல்லவா.

எனக்கு ஒன்றும் இல்லை, பாறை மாதிரி இருக்கிறேன். படிக்கட்டில் ஏறி மோட்டார் அறைக்குப் போவதற்குள் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, வயசு. சாயங்காலமானால் பாதம் வீங்கி பூட்ஸ் கழற்ற மாட்டேன் என்கிறது, நின்றே வேலை செய்கிறவனுக்கு வராதா? பேண்ட் இடுப்பில் நிற்பதில்லை என்று உன் அண்ணி பெல்ட்டில் புது ஓட்டை போட்டாள். இளைத்தால் நல்லதுதான். டாக்டர் வீட்டுப் படி ஏறாமல் காலம் தள்ளியவன் நான்.

ஈரல் சோதனையில் என்ன சொன்னார்கள்? ஈரலுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? டாக்டர்கள் ஒன்றைத் தேடி இன்னொன்றைக் கண்டுபிடிப்பார்கள். உடனே எழுது.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாதம் வீங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு நாளாக? வயிறும் உப்பினமாதிரி இருக்கிறதா? அண்ணியிடம் கேட்டேன், உன் கண் மஞ்சளாகத் தெரிகிறது, கேட்டால் தூக்கம் போதவில்லை என்று சொல்கிறார் என்றாள்.

நீ ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஈரலுக்கு ஒரு ரத்தச் சோதனை. கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் செய்துகொள்வது நல்லது என்று டாக்டரம்மா சொல்கிறார். வேறு ஒன்றும் இல்லை. எனக்காகச் செய்துகொள்.

பிரசவத்துக்கு ரத்தம் கொடுக்க நீ வர வேண்டாம். மாப்பிள்ளையின் தம்பிமார் இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நான் கோபத்தில் சொல்லவில்லை. போன மாதம் எழுதியதைக் கோபத்தில் எழுதினேன், இதை அப்படி எழுதவில்லை.

சோதனை செய்துவிட்டு எழுது.

சுண்டு


ஏப்ரல் 29

சுண்டு,

மாப்பிள்ளையின் தம்பிமார் ரத்தம் ஆகும், என் ரத்தம் ஆகாது. நல்லது. இதைச் சொல்வதற்கு எதற்கு ஈரல், கூடப்பிறந்தவர்கள் என்று சுற்றி வளைக்கிறாய்? எனக்கு வயசாகிவிட்டது, என் ரத்தமும் பழசாகிவிட்டது என்று நேரே சொல்லேன்.

உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அம்மாவின் கண்ணாடி வளையலை உடைத்துவிட்டு, நாள் முழுக்க என் பின்னாலேயே வந்து தண்ணீர் வேண்டுமா, விசிறட்டுமா என்று கேட்டாய். இந்தக் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது. என்னிடம் எதையோ மறைக்கிறாய்.

ஜூன் கடைசிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி ரத்த வங்கி வாசலில் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக நிற்பேன். எவன் என்னைத் தள்ளிவிட்டுப் போகிறான் என்று பார்க்கிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். மருமகளுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறேன்.

சோதனைக்கெல்லாம் போக முடியாது. வேலை இருக்கிறது.

அண்ணன்


மே 6

அண்ணா,

பேக்கரியின் பின்பக்கம் மாவு மூட்டை அடுக்கிவைத்திருக்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் மகள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். நீ வளையலைப் பற்றி எழுதியது சரி. மறைத்தேன். இனிமேல் முடியாது.

ஈரல் சோதனையில் எனக்கு ஒரு கிருமி இருப்பது தெரிந்தது. ஹெபடைடிஸ் சி என்று பெயர். வலிக்காது, காய்ச்சல் வராது, வருஷக்கணக்காக ஈரலுக்குள் சத்தமில்லாமல் குடியிருக்குமாம். நீ கேட்டாய் அல்லவா, ஈரலுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று. நானும் அதையேதான் கேட்டேன். இந்தக் கிருமி நாள்பட உட்கார்ந்திருக்கிற உடம்பு, தன் இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் போய்விடுமாம். மற்றவர்களைவிட இவர்களுக்குச் சர்க்கரை வருகிற வாய்ப்பு அதிகமாம். எனக்கு இது ஒன்றால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் கிரீமைவிட இதன்மேல்தான் தனக்குச் சந்தேகம் என்றார் டாக்டரம்மா.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அங்கேயே சந்தோஷப்பட்டேன். பெரிய வியாதியின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், நான் சந்தோஷப்படுகிறேன். என் நாக்கு இல்லை, என் மேல் தப்பு இல்லை, இதை அண்ணனுக்கு எழுத வேண்டும், மூஞ்சியில் அடித்தமாதிரி எழுத வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியம்கூடத் தயார் செய்துவிட்டேன்.

அப்போதுதான் டாக்டரம்மா, "எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்கீங்களா?" என்று கேட்டார். மகள் பிறந்தபோது என்றேன். யார் கொடுத்தது என்றார். அந்தச் சந்தோஷத்திலேயே முழுக் கதையையும் சொன்னேன் அண்ணா. ரெண்டு பாட்டில், ஒரே ஆள், எங்கண்ணன் என்று சொன்னேன். நர்ஸ் மாறியது, முழுக்கைச் சட்டை, ஊரிலேயே இல்லை என்று நீ சொன்ன பொய், எல்லாவற்றையும் உன்னைப் போலவே குரலை மாற்றி நடித்துக் காட்டினேன். எல்லாரும் சிரிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்கண்ணன் இப்ப உயிரோட இருக்காரா?" என்றார்.

எனக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது.

உன் ரத்தத்தில் இருந்துதான் வந்தது என்று இன்னும் முடிவாகவில்லை. உன்னைச் சோதித்தால்தான் தெரியும். அப்படியே இருந்தாலும் யாருக்கும் தெரியாது, அந்தக் காலத்தில் இதற்குச் சோதனையே கிடையாது. சின்ன வயதில் உனக்கு இழுப்பு வந்தபோதெல்லாம் கம்பவுண்டர் ஒரே ஊசியை வெந்நீரில் முக்கி முக்கி வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் போடுவாரே, அங்கேயிருந்து வந்திருக்கலாம். மகளைச் சோதித்தார்கள், அவளுக்கு இல்லை. அவள் பிறந்த பிறகுதானே எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். எனக்கு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள், மூன்று மாதத்தில் கிருமி போய்விடுமாம். இப்போது எளிதாகக் குணமாகிற வியாதி, உனக்கு இருந்தால் உனக்கும் போய்விடும். ஆனால் உன் பாதமும் கண்ணும் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ உடனே போக வேண்டும்.

இதைச் சொல்லாமலே உன்னைச் சோதனைக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். நீ டிக்கெட் எடுத்திருக்கிறாய். ரத்த வங்கி வாசலில் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெருமையாக நிற்பாய். உள்ளேயிருந்து யாரோ முகம் தெரியாத ஒருவர் வந்து, இவ்வளவு பேர் நடுவில் உன்னிடம் இதைச் சொல்வார். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொல்வதாக இருந்தால் நான்தான் சொல்ல வேண்டும்.

திருப்பித் தருகிறேன் என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

சுண்டு


மே 24

அண்ணா,

போன் போட்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு உன் நம்பருக்கு நானாகப் போட்டேன், நீ எடுக்கவில்லை. அண்ணி எடுத்து, கடிதம் வந்த நாளிலிருந்து நீ யாரோடும் பேசுவதில்லை, வேலைக்கு மட்டும் போய்வருகிறாய் என்றாள். கடிதத்தில் என்ன இருந்தது என்று அவளுக்கும் நீ சொல்லவில்லையாம்.

என்மேல் கோபம் என்றால் இரு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இரு, எனக்குப் பழக்கம்தான். ஆனால் சோதனைக்குப் போய்விட்டு இரு.

சுண்டு


ஜூன் 12

சுண்டு,

போனேன். உன் அண்ணியிடம் வேலைக்கு என்று சொல்லிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் போனேன். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் நிற்கும்போது ஒரு குலுக்கு குலுக்குகிறது, பிரேக்கைச் சரிபார்க்க ஆள் இல்லை. அதையே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருக்கிறது. உனக்கு இருப்பதுதான், எனக்கு உன்னைவிடப் பழசு. உனக்குச் சர்க்கரையாக வந்தது, எனக்கு அப்படி வரவில்லை. ஈரலிலேயே வேலையைக் காட்டியிருக்கிறது. சுருங்கிவிட்டதாம். அதில் ஒரு கட்டியும் இருக்கிறது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரையாவது அழைத்துவரச் சொன்னார்கள். மாத்திரை கிருமியைக் கொல்லும், கட்டியை ஒன்றும் செய்யாது என்று சொன்னபோது உன் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளையும் சோதித்தார்கள். அவளுக்கு இல்லை. அந்த ஒரு நல்ல செய்தியில்தான் அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

எனக்கு வந்ததைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, சுண்டு. சத்தியமாகச் சொல்கிறேன். அந்த இரண்டாவது பாட்டில்தான் என்னைத் தின்கிறது. முதலாவதை அவர்கள் கேட்டு எடுத்தார்கள். இரண்டாவதை நான் பொய் சொல்லிக் கொடுத்தேன். போதும், வேண்டாம் என்று சட்டம் இருந்தது. அதை ஏமாற்றி, சட்டையால் மூடி, உனக்குள் இன்னொரு பங்கு விஷத்தை ஏற்றிவிட்டு வந்து முப்பது வருஷமாக அதையே பாடிக்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்காரர் செத்த அன்றைக்குக்கூடப் பாடினேன். நீ எழுதியபோதுதான் ஞாபகம் வந்தது.

கதவு மூடவில்லை என்று லிஃப்ட் கதவைப் போட்டுத் தட்டுகிற ஆட்களை நான் தினமும் திட்டுவேன். கோளாறு மேலே மோட்டார் அறையில் இருக்கும், இவர்கள் கதவை உதைப்பார்கள். உன் பேக்கரிக்கு வந்து நான் செய்ததும் அதுதான். நேற்று உன் முதலாளிக்குப் போன் போட்டேன். "தப்பு அவ நாக்கில இல்லைங்க, எங்கிட்ட" என்றேன். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுபடி உன்னைக் கேக் மேசையில் உட்காரவைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் சரி என்றார். அது ஒன்றாவது சரியாகட்டும்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிரசவத்துக்கு வரமாட்டேன். குழந்தையை நான் தொட்டுத் தூக்க மாட்டேன். என் விரலெல்லாம் கம்பிக் கயிறு கீறின காயம்.

இனி அந்த இரண்டு பாட்டிலைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. நீ கேட்டது அதுதானே.

அண்ணன்


ஜூலை 2

அண்ணா,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் பிரசவம் வந்துவிட்டது. பெண் குழந்தை. காது மடல் உன்னைப் போல வெளியே விரிந்திருக்கிறது, மகள் அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, மாமா காது" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

நீ பயந்தது நடந்தது. அவளுக்கும் என்னைப் போலவே ரத்தம் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் தம்பிமார் வந்து சேர்வதற்குள் ரத்த வங்கியில் இருந்ததை எடுத்து ஏற்றினார்கள். யாரோ கொடுத்தது. நான் கட்டில் பக்கத்தில் நின்று அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனையெல்லாம் செய்த ரத்தம், ஒரு குறையும் இல்லாத ரத்தம். அதைக் கொடுத்தவர் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார், இல்லை, யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருப்பார். இவள் பிழைத்தது அவருக்குத் தெரியப் போவதில்லை. இவளை அதட்ட வரமாட்டார். இவளுக்கு ஐந்தாம் மாதம் என்று தனக்குச் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொள்ள மாட்டார். எனக்கு அந்த இடத்தில் உன் நினைப்பு வந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

இரண்டாவது பாட்டிலைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பேசவிட்டதில்லை, அதனால் நான் சொன்னதில்லை. முதல் பாட்டில் ஏறியபோது எனக்கு நினைவே கிடையாது. இரண்டாவது ஏறிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணைத் திறந்தேன். முதலில் தெரிந்தது நீ. அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு, வியர்த்து ஊற்ற, முகமெல்லாம் வெளிறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இவன் எதற்கு இப்படிச் சட்டை போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். நான் பிழைத்து வந்து நினைத்த முதல் நினைப்பு அதுதான். அதற்குப் பிறகுதான் குழந்தையைக் காட்டினார்கள்.

அந்த ரத்தம் இல்லாவிட்டால் எனக்குச் சர்க்கரை வந்திருக்காது. ஆமாம். சர்க்கரை வருவதற்கு ஆளே இருந்திருக்காது. மகளை அம்மா இல்லாத பிள்ளையாக யாரோ வளர்த்திருப்பார்கள். நான் ஒரு கேக்கில்கூடப் பெயர் எழுதியிருக்க மாட்டேன். உன் விஷத்தில் முப்பது வருஷம் வாழ்ந்திருக்கிறேன் அண்ணா. எனக்கு அது போதும் என்றால் உனக்கு என்ன?

மாத்திரை முடியப் போகிறது. கிருமி இப்போது சோதனையில் தென்படவில்லை. சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, எல்லாருக்கும் இப்படி இறங்குவதில்லையாம். முதலாளி என்னை மறுபடி கேக் மேசைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

தொட்டால் ஒட்டாது. தூக்கினால் ஒட்டாது. டாக்டரம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். விரலில் காயம் என்றால் துணி சுற்றிக்கொண்டு தூக்கு. மகள் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நான் அங்கே வருகிறேன். அதுவரைக்கும் நான் போட்டால் போனை எடு.

எனக்கு ஒன்று வேண்டும். அந்தப் பழைய வசனத்தை ஒரே ஒருமுறை சொல். உன் உடம்பில் ஓடுவது என்று ஆரம்பிப்பாயே, அது. நீ வாயை மூடிக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை.

சுண்டு


ஆகஸ்ட் 14

சுண்டு,

நேற்று போனில் குழந்தை அழுவதைக் கேட்க வைத்தாய். நல்ல குரல். மோட்டார் அறைவரை கேட்கும்.

நீ கேட்டதை நான் சொல்லவில்லை. நீயும் காத்திருந்தாய், எனக்குத் தெரிந்தது. வாய்வரை வந்தது. உன் அண்ணி பக்கத்தில் இருந்தாள் என்று சாக்குச் சொல்லலாம், அது காரணம் இல்லை. முன்பெல்லாம் தண்ணீர் குடிப்பதுபோலச் சொன்னது, இப்போது தொண்டையில் நிற்கிறது. எழுதினால் முடியும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கை நடுங்குகிறது. கோழி கிண்டுவது இப்போது யார் என்று பார்த்துச் சிரித்துக்கொள்.

வேலைக்குப் போவதை நிறுத்தியாகிவிட்டது. வயிறு மட்டும் பானையாக இருக்கிறது, மற்றதெல்லாம் குச்சி. நீ வருகிறாய் என்று உன் அண்ணி வீட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். குழந்தையைக் கொண்டுவராதே, பச்சைப் பிள்ளை, பயணம் தாங்காது. படம் கொண்டுவா. காது தெரிகிற மாதிரி இருக்கட்டும்.

புதுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன், சும்மா வீட்டிலேயே. கை உள்ளே ஆடுகிறது. இருந்தாலும் பொத்தான் போட்டிருக்கிறேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். சுண்டு, உன் உடம்பில் ஓடுவது பாதி


செப்டம்பர் 9

அண்ணா,

இதை எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். உனக்கும் எனக்கும் எழுதினால்தான் சரிப்பட்டு வருகிறது.

நான் வந்து சேர்ந்தபோது நீ யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தாய். குழந்தையின் படத்தை உன் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். காது தெரிகிற மாதிரிதான் எடுத்திருந்தேன். நீ பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. பார்த்தார் என்று அண்ணி சொல்கிறாள், நான் அப்படியே வைத்துக்கொள்கிறேன். மறுநாள் காலையில் நீ போய்விட்டாய். உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரலில் காயம் எல்லாம் ஆறிப்போயிருந்தது.

எல்லாம் முடிந்து வீட்டை ஒதுங்கவைத்தபோது அண்ணி அந்த நீலக்கோடு போட்ட சட்டையை என்னிடம் கொடுத்தாள். பையில் நான்காக மடித்த தாள் இருந்தது. உனக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தார், அசதியாக இருக்கிறது, நாளைக்கு முடிக்கிறேன் என்று பையில் வைத்தார், மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம் என்றாள்.

நான் ஊர் திரும்பிவிட்டேன். கேக் மேசையில் உட்கார்ந்தாகிவிட்டது. குச்சி நுனியில் கிரீமைத் தொட்டு நாக்கில் வைக்கும்போதெல்லாம் வாசலைப் பார்க்கிறேன், நீ வந்து நின்று கத்துவாய் என்று. ஒருவரும் கத்துவதில்லை. துப்பிவிட்டு வாயைக் கொப்பளிக்கிறேன்.

அந்தத் தாளை இப்போது முன்னால் விரித்து வைத்திருக்கிறேன். 'பாதி' என்பதோடு நிற்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை, அண்ணா. நாளெல்லாம் மற்றவர்கள் சொல்கிற வாக்கியத்தை எழுதி முடித்துக் கொடுக்கிறவள் நான். உன்னுடையதை மட்டும் அப்படியே விட்டுவைக்க முடியுமா? பேனாவை எடுத்து அந்தப் 'பாதி'யை அடித்துவிட்டேன். பக்கத்தில் 'என் ரத்தம்' என்று எழுதி முடித்தேன்.

கோழி கிண்டவில்லை. கேக்கின் மேல் எழுதுவதுபோல முத்து முத்தாகவே எழுதியிருக்கிறேன்.

சுண்டு